கீழ்வீட்டு அதிகாரி

அதிகாரியைப் பார்க்கப் போகும்போது முதல் மூன்று தடவை கையில் மனு இருக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம். முதல் தடவை வெறும் வணக்கம். இரண்டாம் தடவை சங்கத்துக் காலண்டர். மூன்றாம் தடவை அவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததா, வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். நாலாவது தடவை அவரே கேட்பார், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று. அப்போதுதான் பைக்குள் இருக்கிற மனு வெளியே வரலாம். இந்த வரிசையை மீறி, போன முதல் நாளே மனுவை நீட்டி மூக்குடைபட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் கண்ணுச்சாமி. பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வில்லாபுரம் வட்டார வாடகை வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு ஏழு வருடமாகச் செயலாளர். வீட்டுக்காரர்கள் சங்கம் என்றதும் தொந்தி வைத்த பணக்காரக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். முக்கால்வாசிப் பேர் என்னைப் போல, சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரே ஒரு வீட்டைக் கட்டி, மாடியில் தாங்கள் இருந்துகொண்டு கீழே வாடகைக்கு விட்டவர்கள். தலைவர் அழகுமலைக்கு மட்டும் அவனியாபுரம் போகிற வழியில் வரிசையாகப் பதினாலு வீடுகள். வாடகைக்கு விட்ட பகுதியைத் தனியாக அளந்து வரியை ஏற்றப் போகிறார்கள் என்று போன வருடம் ஒரு பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்த அளக்கும் வேலைக்குப் பொறுப்பான அதிகாரியாகத்தான் ஹரிஷங்கர் சார் மதுரைக்கு வந்து சேர்ந்தார்.

நான் வணக்கம் சொல்லப் போன முதல் நாளே, "உட்காருங்க சார்," என்றார். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். எங்கள் அப்பா ஒத்தக்கடைப் பக்கம் ஊரார் வயலில் கூலிக்கு நின்றவர். குடியிருந்த குடிசைக்குப் பட்டா கேட்டுப் பதினொரு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒருத்தரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வெயிலில் நின்றதைச் சின்ன வயதில் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுமே நான் கவிழ்ந்துவிட்டேன். இதை ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவை போனபோது, வீடு கிடைக்காமல் லாட்ஜில் இருப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும், கூட வந்திருந்த அழகுமலை என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒங்க கீழ்வீடு காலியாத்தான கெடக்கு?"

"கெடக்கு."

"அப்பறம் என்னண்ணே யோசன? சாரு நம்ம தெருவுக்கு வந்துட்டா நாம ஆபீஸ் வாசல்ல போயி நிக்க வேண்டியதில்ல. ஆபீஸே நம்ம வாசல்ல வந்து நிக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரும், பாங்கில் வேலை பார்க்கும் அவர் மனைவி பவதாரிணி மேடமும், ஒரு சின்னப் பிள்ளையும் வந்து பால் காய்ச்சினார்கள். ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். தம்பியே ஆனாலும், மச்சினனே ஆனாலும், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று. அந்த மனுஷன் நல்லவர், அவராகவே கேட்டார், "அக்ரிமென்ட் போட்டுடலாமா சார்?" என்று. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, "என்ன சார், ஒங்ககிட்டப் போயி அதெல்லாம் வாங்குவனா?" என்று சொல்லிச் சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். எத்தனை மாதம், எப்போது காலி செய்வது என்று ஒரு வார்த்தை வாயாலும் பேசிக்கொள்ளவில்லை. என் வீட்டு வாசலில் அரசாங்க ஜீப் நின்றது. காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அதன் பக்கத்திலேயே அரை மணி நேரம் நிற்பேன். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் அல்லவா?

ஐப்பசி மழையில் மொட்டை மாடித் துணியை எடுக்க ஓடிய என் மனைவி பாண்டியம்மாள் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். பதினெட்டு நாள் கழித்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "வாக்கரைப் பிடிச்சுச் சமதரையில நல்லா நடக்கலாம். நடக்கணும். வெளிய வாசலுக்கு வரணும். படி மட்டும் வேண்டவே வேண்டாம்."

எங்கள் மாடிக்குப் பத்தொன்பது படி. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், அகலம் ஓர் ஆளுக்குத்தான். வாடகைக்கு விடும் வீட்டில் ஓர் அறை பெரிதாக இருக்கட்டும் என்று படிக்கட்டைக் குறுக்கி நிமிர்த்தச் சொன்னதே நான்தான். சங்கத்து ஆட்கள் நாலு பேர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, சுவரில் முழங்கை தேய, பெருமாள் பல்லக்கு மாதிரி தூக்கி மேலே ஏற்றினார்கள். அன்றைக்கு ஏறியவள்தான்.

பாண்டியம்மாள் ஓரிடத்தில் இருக்கிற ஜென்மம் இல்லை. பால் வாங்கப் போனால் எட்டு வீட்டுச் சேதியோடு வருவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் திருப்பரங்குன்றம் போய், அங்கே பூக்கட்டும் பெண்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இப்போது பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்கிக் கீரை வாங்கினாள். "ராமக்கா, ஒன் மொகத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு! உச்சந்தலையும் கூடையுந்தான் தெரியுது," என்று கீரைக்காரி ராமக்காளிடம் மேலேயிருந்து கத்துவாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு நெஞ்சைப் பிடுங்கும்.

"கீழ்வீட்டக் கேளுங்க," என்றாள் ஒருநாள். "அவுக மேல வரட்டும், நாம கீழ போயிருவோம். எளவட்டம், ஏறி எறங்குவாக."

"கேக்குறேன்."

"என்னைக்கி?"

"சமயம் பாத்துக் கேக்கணும்ல."

சமயம் பார்த்தேன். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு கீழே இறங்கினேன். சார் காபி கொடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே ஆரம்பித்தார். "நீங்க குடுத்த வரி மனுவை முழுசா படிச்சேன் சார். ஒத்த வீட்டுக்காரங்களையும் வியாபாரமா செய்றவங்களையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது நியாயம். மேல அனுப்பும்போது அதைக் குறிச்சு அனுப்பியிருக்கேன்." ஏழு வருடத்தில் எங்கள் மனுவை முழுசாகப் படித்த அதிகாரி அவர் ஒருவர்தான். அந்த வாயால் அதைச் சொன்ன நிமிடத்தில், இந்த வீட்டை விட்டு மேலே போங்கள் என்று நான் எப்படிச் சொல்ல? காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன்.

மேலே பாண்டியம்மாள் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

நீங்கள் கேட்கலாம், வேறு ஒரு கீழ்வீட்டை வாடகைக்குப் பிடித்துப் போயிருக்கலாமே என்று. வீட்டுக்காரர் சங்கச் செயலாளர் வாடகைக்குக் குடி போனால் ஊர் சிரிக்காதா என்று நான் நினைத்தேன். அவள் வேறு மாதிரி சொன்னாள். "இந்தச் செவருக்குக் காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்துனது நானு. என் வீட்ட விட்டு நான் எதுக்குப் போகணும்?" ஓசூரில் இருக்கும் மகள் பாண்டிமீனா பத்து நாள் வந்து பார்த்துக்கொண்டாள். போகிற அன்று, "அப்பா, நான் கீழ போயி பேசவா?" என்று கேட்டாள். பேசினால் என் பிணத்தில்தான் விழிப்பாய் என்று எகிறினேன். எனக்குக் கோபம் வருவதெல்லாம் வீட்டுக்குள்தான்.

தை மாதம் பவதாரிணி மேடம் பொங்கல் பாத்திரத்தோடு மேலே வந்தார். படியில் கொலுசுச் சத்தம் கேட்டதுமே நான் ஒரு காரியம் செய்தேன். வாக்கரை எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாண்டியம்மாளின் சேலையை இழுத்து, வீங்கிய காலை மூடினேன்.

"ஆன்ட்டி இப்ப நடக்குறாங்களா அங்கிள்?"

"நல்லா நடக்குறா மேடம். இப்பத்தான் ஒரு சுத்து நடந்துட்டு உக்காந்தா."

அவர் நம்பிவிட்டுப் போனார். நம்பாமல் என்ன? அதிகாரியிடம் பேசும்போது என் குரல் தேன் மாதிரி இருக்கும். மாசியில் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கோடு வந்தபோதும் அதே கேள்வி, அதே பதில், அதே பீரோ.

இரண்டாவது தடவை மேடம் இறங்கிப் போனதும் பாண்டியம்மாள் சொன்னாள்: "வேத்து மனுசர் முன்னால ஒங்கள விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். எப்பவும் மூடிக்கிட்டு இருப்பேன்னு நெனச்சுராதீக."

பிறகு வாக்கரை எடுத்துத் தரச் சொல்லி, பால்கனி வரைக்கும் தானே நடந்து போய் நின்றாள். பதினாலு அடி அங்கே, பதினாலு அடி இங்கே. அந்த வாக்கரின் ரப்பர் முனை தரையில் படுகிற சத்தம் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் நடுங்கும். கீழே கேட்குமோ என்று.

பங்குனிக் கடைசியில் அழகுமலை போன் செய்தான். "அண்ணே, தலையில இடி. சாருக்கு மாத்தல் வந்துருச்சாம். திருநெல்வேலிக்கி."

எனக்கு இடி விழவில்லை. மழை பெய்தது. அறுபத்தாறு வயதுக் கிழவன் அந்தப் பத்தொன்பது படியையும் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன்.

"பாண்டி! அவுக போறாக! நாம கேக்கவே வேண்டியதில்ல, தானாப் போறாக!"

அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. உடனே உத்தரவு போட ஆரம்பித்துவிட்டாள். கட்டிலை வாசல் சன்னலுக்கு நேராகப் போட வேண்டும். கக்கூசில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்க வேண்டும். அதுவும் அவள் உயரத்துக்கு, என் உயரத்துக்கு இல்லை. என்னைச் சுவரோரம் நிறுத்தி, நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி அளவு காட்டினாள். பென்சிலால் குறித்துக்கொண்டேன். "மொத நாளு தெருமுக்கு வரைக்கும் நடந்துட்டு வரணும். நீங்க கூட வர வேணாம். ராமக்காளக் கூட்டிக்கிட்டு நானே போயிட்டு வாரேன்." மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் தலையை வாரிச் சொருகி, நாற்காலியை மாடிப்படியின் உச்சியில் போடச் சொல்லி, கீழே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காற்று வருகிறது என்று சொல்லித் தினமும் சாயங்காலம் அங்கேயே உட்கார ஆரம்பித்தாள்.

மறுநாள் அவசரக் கூட்டம். அழகுமலையின் வீட்டு மாடியில் முப்பது பேர், இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அழகுமலை எழுந்தான்.

"இப்பத்தான் நம்ம மனு மேல போயிருக்கு. இந்தச் சமயத்துல சாரு போயிட்டா, வர்றவரு எப்புடிப்பட்ட ஆளோ? மறுபடி மொதல்ல இருந்து காலண்டரத் தூக்கிக்கிட்டு அலையணும். நம்ம சாரை நாமதான் காப்பாத்திக்கணும். பொதுமக்கள் கோரிக்கைன்னு ஒரு மனு. செயலாளரு அண்ணன் கைப்பட எழுதுனாத்தான் அது மனு. மேல இருக்கவுக ரெண்டு பேத்தப் பாத்துக் குடுத்துட்டு வந்துருவோம்."

"மாறுதல் அரசாங்கம் எடுக்குற முடிவு. நாம அதுல தலையிடலாமா?" என்றேன்.

"என்னண்ணே, நீங்களா இப்புடிப் பேசுறீக? சாரு ஒங்க வீட்லயே இருக்காக. அவுக போனா மொத நட்டம் ஒங்களுக்குத்தான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பெண்டாட்டி மேலேயே கிடக்கிறாள், எனக்கு அந்த வீடு வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கலாம். அவளைத் தூக்கி ஏற்றிய நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். மெல்ல, "அவளுக்குப் படி ஏற முடியல..." என்று ஆரம்பித்தேன்.

"அக்காவ விட்டுருவமா அண்ணே?" என்றான் அழகுமலை. "சங்கத்து சார்பா அக்காவுக்கு ஒரு லிப்டு போட்டுக் குடுத்துருவோம். எழுதிக்கங்க, இதுவும் தீர்மானம்." முப்பது பேரும் கைதட்டினார்கள். தீர்மான நோட்டில் நானே எழுதினேன்: மேற்படி லிப்டு குறித்து அடுத்த கூட்டத்தில் விவாதிக்கப்படும்.

பிறகு மனு எழுத உட்கார்ந்தேன். இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேண்டாவெறுப்பாக எழுதினேன் என்று சொன்னால் பொய். பேனாவைப் பிடித்ததும் கை தானாக ஓடியது. 'பொதுமக்களின் குறைகளைப் பொறுமையுடன் கேட்டறியும் பண்பாளர்' என்று எழுதினேன். 'தம் குடும்பத்தாருடன் எங்கள் பகுதியிலேயே மனநிறைவோடு வசித்து வருபவர்' என்று எழுதினேன். 'இவரை இழப்பது எம்மைப் போன்ற எளியோருக்குப் பேரிழப்பு' என்று முடித்தபோது பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்தார். எனக்கே கொஞ்சம் கலங்கியது. முதல் கையெழுத்து என்னுடையது.

இரண்டு ஆபீசுக்குப் போனோம். ஓர் அரசியல்காரர் வீட்டுக்கும் போனோம். ஏழு வருடமாக நான் சேர்த்து வைத்த வணக்கம், காலண்டர், விசாரிப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு வாரத்தில் செலவழித்தோம். ஒன்பதாவது நாள் மாறுதல் ரத்தானது. அப்பாவின் பட்டாவுக்குப் பதினொரு வருடம். நான் வேண்டாத ஒன்றை, வேண்டும் என்று எழுதியதற்கு ஒன்பதே நாள்.

அழகுமலை தெருமுனையில் வெடி போட்டான். "என்ன வெடி?" என்று பாண்டியம்மாள் கேட்டாள். யாருக்கோ காதுகுத்து என்றேன். அவள், கீழே சாமான்கள் கட்டுகிற சத்தமே கேட்கவில்லையே, மாதக் கடைசிக்குள் போய்விடுவார்கள்தானே என்று கேட்டாள். போய்விடுவார்கள் என்றேன். கைப்பிடிக்கு ஆள் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்றேன். இப்படி நாலு நாள். ஐந்தாவது நாள் எனக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டியது. காரணமே இல்லாமல் கடைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து திரும்பி, தெருக்கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினால், பவதாரிணி மேடம் மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டிருந்தார். பாங்கிலிருந்து வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை. கையில் போன்.

"அங்கிள், ஒரு நிமிஷம்." போனை நீட்டினார். மனுவின் முதல் பக்கம், ஓரத்தில் ஏதோ ஆபீஸ் முத்திரையோடு. "இது நீங்க எழுதினதுதானே? உங்க கையெழுத்துன்னு அவர் பார்த்ததும் சொன்னார்."

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வெட்கம் கெட்ட மனசு, அந்த நேரத்திலும் பெருமை எட்டிப் பார்த்தது. "ஆமா மேடம். எங்களால முடிஞ்ச ஒரு சின்ன உதவி..."

"அந்த ட்ரான்ஸ்ஃபர் அவர் கேட்டு வாங்கினது, அங்கிள்."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷமாச்சு. திருநெல்வேலியில அத்தை ஒத்தையில வச்சுக் கஷ்டப்படுறாங்க. இங்க வந்த நாள்ல இருந்து இவர் எழுதிப் போட்டுட்டே இருந்தார். சொன்னா சங்கத்துல எல்லாரும் வருத்தப்படுவாங்க, கிளம்புற சமயத்துல சொல்லிக்கலாம்னு இருந்துட்டார். இப்ப மக்களே உங்களைக் கேக்குறாங்கன்னு சொல்லி மேல ரத்து பண்ணிட்டாங்க. இனி ரெண்டு வருஷத்துக்கு வாயைத் திறக்க முடியாதாம்." அவர் குரல் ஒரு தடவை உடைந்து சரியானது. "உங்க மேல கோபம் இல்ல அங்கிள். நல்ல மனசோடதான் செஞ்சிருப்பீங்க."

கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அதான், மாமாவையும் அத்தையையும் இங்கயே கூட்டிட்டு வந்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். அடுத்த வாரம். நல்லவேளை, கீழ்வீடா அமைஞ்சுது. அவரால ஒரு படிகூட ஏற முடியாது."

இதற்கு மேல் ஒரு சமயம் எனக்கு வாய்க்காது என்று தெரிந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது. மேடம், என் மனைவிக்கும் படி ஏற முடியாது. ஆறே வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"தாராளமாக் கூட்டிக்கிட்டு வாங்க மேடம். ஒங்க சொந்த வீடு மாதிரி நெனச்சுக்கங்க," என்றேன்.

மேலே நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. சாயங்காலம், அவள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தேன். பாண்டியம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் இறக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மறுபடி கையை ஊன்றினாள். சேலை முழங்காலுக்கு மேல் ஏறி, ஆபரேஷன் செய்த கால் விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

பார்த்து இறங்கு என்று நான் சொல்லவில்லை. இரு, நான் வந்து பிடிக்கிறேன் என்று சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஏய், மேடம் நிக்கிறாங்க!"

அவள் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது வருடத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"தெரியுது," என்றாள். "அவுகளப் பாக்கத்தான் வாரேன்." அடுத்த படியில் இறங்கினாள்.

மேடம் செருப்பை உதறிவிட்டு மேலே ஓடினார். அந்தக் குறுகல் படியில் பக்கத்தில் உட்கார இடம் இல்லை. ஒரு படி கீழே மண்டியிட்டு அவள் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "ஆன்ட்டி, என்ன இது? நல்லா நடக்குறீங்கன்னு அங்கிள் சொன்னாரே! ரெண்டு தடவை கேட்டேனே நான்!"

"அவரு நல்லாத்தான் சொல்லுவாரு தாயி. நல்லா எழுதவும் செய்வாரு."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் போன் அவர் கையில்தான் இருந்தது.

மீதிப் படிகளை இரண்டு பேருமாக இறங்கினார்கள். ஒருத்தி காலைப் பிடிக்க, ஒருத்தி கையை ஊன்ற. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசிப் படிக்கு வந்ததும் பாண்டியம்மாள் தரையில் காலை வைத்து, சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க மாமனாரு வரட்டும் தாயி," என்றாள். "படி ஏற முடியாத கஷ்டம் எனக்குத் தெரியும்."

மேடம் அழுதுகொண்டிருந்தார். தெருக்கதவின் தாழ்ப்பாள் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பாண்டியம்மாள் என் பக்கம் திரும்பவில்லை.

"அந்தக் கதவ மட்டும் தொறந்து விடுங்க தாயி," என்று அவரிடம் சொன்னாள். "கொஞ்ச நேரம் தெருவப் பாத்துட்டு ஏறிர்றேன்."